பள்ளிப் பிள்ளையின் கட்டுச்சோறு

(எக்கியார்குப்பத்தில் தாய்மார்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் சுற்றுப்புற விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அலையோசை காதில் விழும் இந்த இடத்தில் அமர்ந்து உணவைப் பற்றிப் பேசுவது மிகவும் பொருத்தமானதே. ஒரு புறம் கடல். மறு புறம் மரக்காணத்து உப்பளங்கள். உணவுக்கு வலிமை தரும் மீனையும் சுவை தரும் உப்பையும் நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பி வைக்கும் கரை இது. இத்தகைய கரையில் பிறந்த பிள்ளை காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது, அதன் கையிலுள்ள தூக்குப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதே இன்று நம்முடைய நோக்கம்.

இக்கரையின் உணவுச் சிறப்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. சிறுபாணாற்றுப்படை எனும் சங்க நூலில் எயிற்பட்டினம் என்ற கடற்கரையூர் பேசப்படுகிறது. அவ்வூர் இன்றைய மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. வழிநடந்து களைத்து வரும் பாணர்க்கு அவ்வூர்ப் பரதவர் உலர்ந்த குழல்மீனைச் சுட்டு விருந்தளிப்பர் என்று அந்நூல் கூறுகிறது. வந்தவர்க்கெல்லாம் மீன் கொடுத்து அனுப்பிய ஊர், தன் சொந்தப் பிள்ளையை வெறுஞ்சோற்றுடன் அனுப்பலாகாது அன்றோ?

யாருக்குக் கட்டுச்சோறு?

பள்ளியில்தான் சத்துணவு இருக்கிறதே, கட்டுச்சோறு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு முதலில் விடை கூற வேண்டும்.

பசித்த வயிற்றில் கல்வி ஏறாது என்பதை நம் நாட்டில் முதலில் உணர்ந்து செயல்பட்டவர்கள் சென்னை நகராண்மைக் கழகத்தார் ஆவர். சர் பிட்டி தியாகராயர் அதன் தலைவராக இருந்த 1920 ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில், பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தனர். 1925 இல் ஆங்கில அரசு அச்செலவை மறுத்ததால் அது நின்றது. பின்னர் 1927 இல் மீண்டும் உயிர்பெற்றது. 1956 இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுமக்கள் மனமுவந்து அளித்த அரிசியையும் காய்கறியையும் கொண்டு பகலுணவுத் திட்டம் ஊர்தோறும் பரவியது. பின்னர் உணவுக்கு ஆகும் பத்துப் பைசாவில் ஆறு பைசாவை அரசும் நான்கு பைசாவை உள்ளாட்சியும் ஏற்றுக்கொண்டன. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். பிள்ளைகளின் பசியைத் தீர்க்கும் பொறுப்பில் பஞ்சாயத்துக்குத் தொடக்க காலத்திலிருந்தே பங்கு உண்டு.

1982 ஜூலை 1 ஆம் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கிற்று; 1984 இல் அது பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2001 நவம்பர் 28 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டுமென ஆணையிட்டது. 2010 முதல் தமிழ்நாட்டில் வாரத்துக்கு ஐந்து முட்டைகள் வழங்கப்பட்டன. முட்டை உண்ணாதார்க்கு வாழைப்பழம் கிடைத்தது. 2022 செப்டம்பர் 15 இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

ஆகவே, சத்துணவு கிடைக்கும் பிள்ளை அதனை உண்ணட்டும் என்பதே நம்முடைய முதல் சொல். அதனை உண்பது ஏழ்மையின் அடையாளம் என்று எண்ணி, சிறிது வசதி வந்ததும் பிள்ளையை அப்பந்தியிலிருந்து விலக்கிக் கொள்ளும் வழக்கம் நல்லதன்று. ஒரே பந்தியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அமர்ந்து உண்பது, புத்தகம் கற்றுத் தராத ஒரு பாடமாகும்.

எனினும், அப்பந்திக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளும் பலர் உளர். பதினொன்றாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள், தனியார் பள்ளிகளுக்குப் பஸ் ஏறிச் செல்லும் பிள்ளைகள், சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கும் தேர்வுக்காலத்து மாலை வகுப்புக்கும் தங்கும் பிள்ளைகள் ஆகிய இவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து செல்லும் பாத்திரமே பகலுணவாகும். அதிலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் உடல் விரைந்து வளரும் பருவத்தில் இருக்கிறது. உடலுக்கு மிகுதியாக வேண்டிய காலத்தில்தான் அரசின் பந்தி முடிந்து விடுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் நாம்.

பிள்ளையின் உடலுக்கு என்ன வேண்டும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020 இல் வெளியிட்ட அளவுகளின்படி, பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுமிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,060 கலோரி வெப்பச் சக்தியும் 33 கிராம் புரதமும் தேவை. பதினாறு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பையனுக்கு 55 கிராம் புரதமும், அவ்வயதுப் பெண்ணுக்கு 46 கிராம் புரதமும் வேண்டும். அப்பெண்ணுக்கு 32 மில்லிகிராம் இரும்புச் சத்தும் வேண்டும். இவற்றில் மூன்றில் ஒரு பங்காவது பகலுணவில் அமைய வேண்டும் என்று கொள்ளலாம்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் பதினைந்து வயது முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச் சோகை இருப்பதாகக் கண்டது. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் என்று பொருள். இன்று பள்ளிக்குச் செல்லும் சிறுமியே நாளைக்குத் தாயாகிறாள். அவளுடைய இரத்தம் வெளிறிப் போனால், அவள் வகுப்பில் சோர்ந்து அமர்வதோடு கேடு நின்றுவிடுவதில்லை; அடுத்த தலைமுறையின் பிறப்பிலும் அது தொடர்கிறது. அவளுக்கு நாம் கட்டிக் கொடுக்கும் சோற்றைச் சிறு விஷயமென்று எண்ண இயலுமா?

இப்போது நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பதைப் பார்ப்போம். விடியுமுன்னரே தாய் உப்பளத்துக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது. வெயில் ஏறுமுன் வாரிக் குவிக்க வேண்டும். தந்தையோ இரவே கடலுக்குச் சென்றிருப்பார். அவசரத்தில் புளிச்சோறோ, எலுமிச்சம்பழச் சோறோ, வெறும் சோற்றோடு ஊறுகாயோ பாத்திரத்திற் சேர்கிறது. இதற்காகத் தாயைக் குறை கூறுவது அநீதி. அவளுக்கு இருப்பது இரண்டு கைகளே. ஆகவே, நாம் கூறப்போகும் முறை அவளுடைய நேரத்தை மிகுதியாகக் கேட்பதாக இருத்தல் கூடாது. பையிலுள்ள காசையும் மிகுதியாகக் கேட்பதாக இருத்தல் கூடாது.

நூறு கிராம் அரிசியைச் சமைத்தால் ஏறத்தாழ 350 கலோரியும் எட்டுக் கிராம் புரதமும் கிடைக்கும். ஆனால் அரிசிப் புரதம் தனித்து நின்றால் குறையுடையது. அக்குறையைப் பருப்பு, கடலை, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்று நிறைவு செய்கிறது. அதே எலுமிச்சம்பழச் சோற்றில் முப்பது கிராம் நிலக்கடலை, அதாவது ஒரு கைப்பிடி, வறுத்துச் சேர்த்தால் மேலும் ஏழு கிராம் புரதம் சேர்கிறது. தாளிப்பு எண்ணெயையும் கூட்டினால் வெப்பச் சக்தியும் அறுநூறு கலோரியை எட்டுகிறது. சமைக்கும் நேரமோ ஐந்து நிமிடங்கூட மிகுதியாகாது. ஒரு கைப்பிடிக் கடலை செய்யும் வேலை இது.

கூடையின் முதல் கைப்பிடி

நம் கரையில் மீனுக்குக் குறைவில்லை. எனினும், மீன் பிடிக்கும் வீட்டில் மீன் எப்போதும் தங்குகிறதா? வஞ்சிரமும் வௌவாலும் நல்ல விலைக்குப் போகட்டும். அதனை நாம் தடுக்கவில்லை. குடும்பத்துக்குப் பணம் வேண்டும். ஆனால் நெத்திலி, கவளை, காரப்பொடி முதலிய சிறுமீன்களோ மலிவானவை. அவற்றில் ஒரு பகுதி உலர்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போய்ச் சேர்கிறது. கோழி உண்ட மீன் முட்டையாகி, அம்முட்டையை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்! முட்டை நல்லுணவே, அதில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. எனினும், நேரே நம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது இத்தனை தூரம் சுற்றிவர வேண்டுமா?

சிறுமீனின் பெருமை அதன் முள்ளில் இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு மென்று உண்ணலாம். அதனால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் புரதத்தோடு சேர்ந்து கிடைக்கிறது. ஐம்பது கிராம் நெத்திலி ஒரு பிள்ளையின் பகலுணவுக்குப் போதுமானது. மீனவச் சகோதரர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான்: கரையில் கூடை இறங்கியதும், ஏலத்துக்குப் போகுமுன், முதல் கைப்பிடி பிள்ளைக்கு என்று எடுத்து வையுங்கள். வலையை விரித்தவருக்கு அந்த உரிமை உண்டு.

கருவாட்டைப் பற்றியும் ஒரு சொல். மழைக்காலத்திலும், கடல் சீறி நிற்கும் நாட்களிலும் கருவாடே கைகொடுக்கிறது. புரதம் அதில் செறிந்திருக்கிறது. ஆனால் உப்பும் செறிந்திருக்கிறது. அதனை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, இருமுறை அலசிச் சமைத்தால் உப்பு பெரிதும் குறையும். அன்று சோற்றிலும் குழம்பிலும் உப்பைக் குறைக்க வேண்டும். வாரம் ஒரு முறைக்கு மேல் பிள்ளையின் பாத்திரத்தில் கருவாடு வேண்டியதில்லை.

உலகைப் பார்த்தாலும் இந்த எளிய உணவின் மதிப்பு விளங்கும். ஜப்பான் நாட்டில் பள்ளி உணவு 1889 இல் யமகாத்தா மாகாணத்துத் த்ஸுருவோகா என்னும் ஊரில், புத்த பிட்சுக்கள் நடத்திய பள்ளியில் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கு அளிக்கப்பட்டவை சோற்றுருண்டையும், சுட்ட உப்புமீனும், காய்கறி ஊறுகாயும்தான். நம் கரை வீடுகளில் இல்லாத பொருள் அவற்றில் ஒன்றுமில்லை. பின்னர் 1954 இல் அந்நாடு பள்ளி உணவுக்கெனத் தனிச் சட்டமே செய்து கொண்டது.

உப்பு விளையும் ஊரில் ஓர் எச்சரிக்கை

கடல்நீரில் விளையும் உப்பில் அயோடின் இயற்கையாகவே நிறைந்திருக்கிறது என்று பலர் நம்புகின்றனர். இது பிழையான நம்பிக்கை. பாத்தியில் நீர் வற்றி உப்பு விளையும்போது அதில் தங்கும் அயோடின் மிகச் சொற்பமே. அள்ளி வந்த கல்லுப்பை அப்படியே உலையிலிடும் வழக்கம் உப்பளப் பகுதிகளில் உண்டு. ஊருக்கெல்லாம் உப்பு விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைக்கே அயோடின் கிடைக்காமற் போகும் நிலை இதனால் ஏற்படக்கூடும்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 120 மைக்ரோகிராம் அயோடின் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடுகின் சிறு துகளைவிடக் குறைந்த அளவு அது. அந்த அணுவளவு இல்லாவிடில் கழுத்தில் கழலை தோன்றும். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்ச்சி குன்றும். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 இல் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்பதை நம் நாட்டிலேயே மெய்ப்பித்துக் காட்டிற்று. 1962 இல் கழலை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2006 மே 17 முதல், மனிதர் உண்ணுவதற்கு அயோடின் சேராத உப்பை விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

ஆகவே, மீனை உலர்த்தக் கல்லுப்பைப் பயன்படுத்துங்கள். உலைக்கும் குழம்புக்கும் அயோடின் உப்பையே பயன்படுத்துங்கள். அதனை மூடியுள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும். அடுப்பருகே திறந்து வைத்தால் வெப்பத்தாலும் ஈரக்காற்றாலும் அயோடின் குறைந்துபோகும். சமையல் முடியும் தறுவாயில் உப்பிடுவது மேலும் நல்லது. அயோடின் உப்பென்பதற்காக அள்ளிப் போடவும் வேண்டாம். பெரியவர்களுக்கே எல்லாவற்றிலுமாகச் சேர்த்து நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி அளவு, உப்பே போதும். பிள்ளைகளுக்கு அதனினும் குறைவாக வேண்டும்.

ஆறு நாளுக்கு ஆறு வகை

தாய்மார்கள் நாள்தோறும் இன்று என்ன கட்டுவது என்று மயங்காதபடி ஒரு வாரத்து முறையைக் கூறுகிறோம். வீட்டு வசதிக்கேற்ப மாற்றிக் கொள்ளலாம்.

திங்கட்கிழமை, எலுமிச்சம்பழச் சோறும் வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடியும். செவ்வாய்க்கிழமை, துவரம்பருப்பும் முருங்கைக் கீரையும் சேர்த்துக் குழைய வேகவைத்த கீரைச் சோறும் ஓர் அவித்த முட்டையும். புதன்கிழமை, வெங்காயமும் முருங்கைக் கீரையும் பிசைந்து தட்டிய கேழ்வரகு அடையும், வறுத்த கடலையில் உலர்வாக அரைத்த பொடியும். வியாழக்கிழமை, புளிச்சோறும் நன்கு மொறுமொறுப்பாக வறுத்த நெத்திலியும். வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மீன் புழங்குவதில்லை. அன்று காராமணியோ பச்சைப்பயறோ சேர்த்த சாம்பார்ச் சோறு. சனிக்கிழமை, தயிர்ச் சோறும் கொண்டைக்கடலைச் சுண்டலும்.

இவற்றுள் முருங்கையை இருமுறை சொன்னதற்குக் காரணம் உண்டு. நூறு கிராம் முருங்கைக் கீரையில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும், நான்கு மில்லிகிராமுக்கு மேல் இரும்புச் சத்தும், கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்தும் உள்ளன. கேழ்வரகிலும் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கடற்கரை மணலிலும் முருங்கை தழைக்கும். ஒரு கொம்பை நட்டால் போதும், விலை கொடுக்க வேண்டியதில்லை. கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கு எலுமிச்சை, நெல்லி ஆகியவற்றின் புளிப்பு துணை செய்கிறது. தேநீர் அதனைத் தடுக்கிறது. ஆகவே சோற்றோடு ஒரு துண்டு நெல்லிக்காய் வையுங்கள். உண்ட உடனே தேநீர் வேண்டாம்.

நேரத்தை மிச்சப்படுத்தவும் வழி உண்டு. பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றை முதல்நாள் இரவே ஊறவைக்கலாம். கடலையை ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கு வறுத்து டப்பாவில் அடைத்து வைக்கலாம். கடலை உரிப்பது, கீரை ஆய்வது, மீன் கழுவுவது ஆகியவை பெண்ணுக்கே உரிய வேலை என்று எந்தச் சாத்திரமும் கூறவில்லை. கடலிலிருந்து திரும்பிய தந்தையும், வீட்டிலுள்ள மூத்த பையனும் இவற்றைச் செய்யலாம்.

கெடாமல் கட்டும் முறை

நம் கரையின் வெப்பமும் ஈரக்காற்றும் உணவை விரைவில் கெடுக்கும். காலை ஆறு மணிக்குக் கட்டிய சோற்றைப் பிள்ளை பகல் பன்னிரண்டரை மணிக்கு உண்கிறது. இந்த ஆறரை மணி நேரந்தான் அபாயமான காலம். ஆவி பறக்கும் சோற்றை உடனே மூடினால் உள்ளே வியர்த்து, சில கிருமிகள் பெருகி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம். ஆகவே சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, வலைமூடியால் மூடி, ஆவி அடங்கியதும் கட்ட வேண்டும். முதல்நாள் மீந்த சோற்றைக் கட்டக் கூடாது. புளியும் எலுமிச்சையும் சேர்ந்த சோறு சற்று அதிக நேரம் தாங்கும். தேங்காய்ச் சட்னி தாங்காது. வறுத்த மீனை அன்று காலையே வறுத்து, ஆறவைத்து, தனிச் சிமிழில் வைக்க வேண்டும். மீன் குழம்பு வீட்டு உணவுக்கே ஏற்றது.

எவர்சில்வர் பாத்திரமே சிறந்தது. சூடான உணவைப் பிளாஸ்டிக் டப்பாவிலும், அச்சு மையுள்ள செய்தித்தாளிலும் வைத்தல் ஆகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் உறைகள் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. பாத்திரத்தோடு, காய்ச்சி ஆறிய நீரும் ஒரு குப்பியில் செல்ல வேண்டும். உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும். பள்ளியில் அளிக்கும் குடற்புழு மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் தவறாது உட்கொள்ளச் செய்ய வேண்டும். புழு வயிற்றிலிருந்தால் நாம் ஊட்டும் உணவில் அதற்கும் பங்கு போய்விடும்.

இனி, கடைப் பொட்டலத்தைப் பற்றியும் கூற வேண்டும். பள்ளி வாசலில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொரித்த தின்பண்டத்தில் இருப்பவை பெரும்பாலும் மாவும் எண்ணெயும் உப்புமே. ஏறத்தாழ அதே காசில் ஒரு கைப்பிடி நிலக்கடலை கிடைக்கும். தை மாசி மாதங்களில் பனங்கிழங்கும், கோடையில் நுங்கும் இப்பகுதியில் உண்டு. சோறு போதாமல் பசிக்கும் பிள்ளைதான் பொட்டலத்தைத் தேடுகிறது. பாத்திரம் நிறைந்திருந்தால் பொட்டலத்தின் மீது நாட்டம் தானே குறையும்.

விவசாயிகளுக்கும் பஞ்சாயத்துக்கும்

நம் பகுதியில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கும் நிலக்கடலை, திண்டிவனம் வட்டாரத்தின் தனிச் செல்வம். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. இரகங்கள் நாடெங்கும் பெயர் பெற்றவை. விவசாயப் பெருமக்கள் அறுவடை முழுவதையும் எண்ணெய் ஆலைக்கு அனுப்பாமல், வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மூட்டையை ஒதுக்க வேண்டும். கேழ்வரகும் கம்பும் உளுந்தும் வரப்போரக் காராமணியும் அவ்வாறே. முற்காலத்தில் உப்பைக் கொடுத்து நெல்லை மாற்றிக் கொண்டனர். இன்று கரையிலுள்ள மீனும் மேட்டிலுள்ள கடலையும் அவ்வாறு கைமாறினால் இரு ஊர்ப் பிள்ளைகளின் பாத்திரங்களும் நிறையும்.

இக்கரையில் வருவாய் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதையும் பஞ்சாயத்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளி திறக்கும் வேளையில் கூலிக்குச் செல்லும் வீடுகளில் கையில் காசிருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து உப்பளங்கள் நீரில் மூழ்குகின்றன. 2024 நவம்பர் 30 இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நாம் பட்ட துன்பம் மறக்கக் கூடியதன்று. வேலையற்ற அந்த மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அளிக்க 2022 இல் அரசு ஆணையிட்டது. தகுதியுள்ள குடும்பம் எதுவும் இத்தகைய உதவியிலிருந்து விடுபட்டுப் போகாமல் பார்ப்பது உறுப்பினர்களின் கடமை. பிள்ளையின் பாத்திரத்தில் முதலில் குறைவது பருப்பும் முட்டையுமே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வேறொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2023 மே மாதத்தில் நஞ்சு கலந்த சாராயம் இவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் பல உயிர்களைக் கொண்டு போயிற்று. ஆறாத புண்ணைக் கிளறுவது நம் நோக்கமன்று. எனினும், உழைத்து ஊட்டிய கை ஒன்று வீட்டிலிருந்து மறைந்தால், அந்தக் குறை மறுநாள் காலையிலேயே பிள்ளையின் பாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. அத்தகைய வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது, பகலில் என்ன உண்கிறது என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாராயத்துக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் யாருடைய பாத்திரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை ஆண்மக்கள் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக் கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. உறுப்பினர்கள் மாதம் ஒரு முறையேனும் சத்துணவுக் கூடத்துக்குச் சென்று, பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு வேளை உண்டு பார்க்கட்டும். பள்ளியின் குடிநீர் உவர்க்காமல் இருக்கிறதா, கைகழுவும் குழாயில் நீர் வருகிறதா என்று பார்க்கட்டும். ஊர்க் கடைகளில் அயோடின் உப்பு கிடைக்கிறதா என்று விசாரிக்கட்டும். வீட்டுக்கொரு முருங்கைக் கொம்பு நடச் செய்யட்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கடலை மிட்டாயும் சத்துமாவு உருண்டையும் செய்து பள்ளி வாசற் கடைகளுக்குக் கொடுத்தால், பிள்ளைக்கு நல்ல தின்பண்டமும் குழுவுக்கு வருவாயும் கிடைக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் சாலையையும் விளக்கையும் பற்றிப் பேசுகிறோம். ஒரு கூட்டத்திலேனும் பிள்ளைகளின் பகலுணவைப் பற்றியும் பேசித் தீர்மானம் செய்ய வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பகலில் பட்டினி கிடப்பவர் எவரெவர் என்று அன்று கேட்டறிந்தாலே பாதி வேலை முடிந்ததாகும்.

பெரியோர்களே, தாய்மார்களே! நாம் அரிய மருந்து எதனையும் கூறவில்லை. ஒரு கைப்பிடிக் கடலை, ஒரு பிடிக் கீரை, கூடையிலிருந்து எடுத்த சில நெத்திலி, மூடி வைத்த அயோடின் உப்பு, ஆறவைத்துக் கட்டிய சோறு: இவ்வளவே. இவை யாவும் இக்கரையிலும் இதனை அடுத்த மேட்டு நிலத்திலும் கிடைப்பவை. நாளைக் காலையில் பிள்ளையின் பாத்திரத்தை மூடுமுன் ஒரு கணம் உள்ளே பாருங்கள். மாலையில் பாத்திரம் திரும்பி வந்ததும் மறுபடியும் பாருங்கள். அது துடைத்தாற்போல் வெறுமையாக வந்திருந்தால், அன்றைக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று மகிழலாம். சோறு மீந்திருந்தால் காரணம் என்னவென்று பிள்ளையிடமே கேளுங்கள். அது கூறும் விடையிலிருந்து அடுத்த நாளைய உணவைத் தொடங்குங்கள்.